சக்கர வரியும் தெருமுனைப் பாலமும்

அந்த வீட்டில் ஆட்களைவிடச் சக்கரங்கள் அதிகம். கணவருக்குப் பத்துச் சக்கர லாரி. கொழுந்தனுக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன், அது போதாதென்று ஒரு பைக். மாடியில் குடியிருந்த நாத்தனார் புருஷனுக்கு, வழியில் படுத்துவிட்ட வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டி. மாமியாருக்குக்கூடக் கடைக்கு இழுத்துக்கொண்டு போக இரண்டு சக்கரம் வைத்த பை ஒன்று இருந்தது. சக்கரமே இல்லாத ஒரே ஆள் மூத்த மருமகள். அவளைத்தான் ஊர் கூடி நகர மன்றத்துக்கு உறுப்பினராக அனுப்பி வைத்திருந்தது. அதிலிருந்து வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு 'மெம்பர்' என்பதே பெயராகிவிட்டது. கணவர் கொஞ்சினாலும் மெம்பர்தான், எரிந்து விழுந்தாலும் மெம்பர்தான். எந்த மெம்பர் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவள் தேர்தலில் நின்றதற்குக் காரணம் ஒரு பள்ளம். தெருமுனையில் சாக்கடைக் கால்வாய்க்கு மேலே ஒரு பாலம். பாலம் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. நாலைந்து கற்பலகைகள், இரு பக்கமும் இடுப்பளவு சுவர், நடுவில் பள்ளம், அவ்வளவுதான். பள்ளம் முதலில் தட்டளவு இருந்தது, பிறகு வாளியளவு ஆனது, இப்போது ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். பஸ்காரர்கள் எப்போதோ கும்பிடு போட்டுவிட்டு அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். தெருவுக்கு இன்னொரு வழியும் உண்டு. அது சந்தையைச் சுற்றிக்கொண்டு, அடிக்கு ஒரு வேகத்தடையாக, வயிற்றில் இருப்பதையெல்லாம் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பும்.

மாலையில் லாரி திரும்பி வரும்போது முன்சக்கரம் அந்தப் பள்ளத்தில் 'தடங்' என்று விழும். பிறகு பின்சக்கரங்கள் 'தொம்' என்று விழும். தடங் கேட்டதும் மெம்பர் டீப் பாத்திரத்தைக் கையில் எடுப்பாள். தொம் கேட்டதும் அடுப்பைப் பற்ற வைப்பாள். அவர் வண்டியை நிறுத்திக் கைகால் கழுவி உள்ளே வரும்போது டீ சுடச்சுடக் காத்திருக்கும். கணவருக்கு இதில் பெருமை தாங்காது. "நான் வர்றது இவளுக்கு எப்படியோ தெரிஞ்சிடும்" என்று கூட்டாளிகளிடம் அளப்பார்.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தடங்குக்கும் தொம்முக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு நொடி, அவள் மூச்சு விடமாட்டாள். முன்பொரு நாள் செங்கல் ஏற்றிய லாரி ஒன்று தடங் என்று விழுந்தது. தொம் வரவேயில்லை. பாத்திரத்தைப் போட்டுவிட்டு அவள் ஓடிப் பார்த்தபோது லாரி கால்வாயில் மல்லாந்து கிடந்தது. வேறு யாருடைய லாரியோதான். ஓட்டுநரும் கால் முறிவோடு தப்பித்துக்கொண்டார். ஆனாலும் அன்று புகுந்த பயம் போகவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. லாரிக்காரர் பெண்டாட்டி பள்ளத்துக்குப் பயந்தால் சிரிக்கமாட்டார்களா?

அதனால் பயத்தைச் சொல்லாமல் தேர்தலில் நின்றாள். பள்ளத்தை மூடுவேன் என்றாள், ஜெயித்தாள். மனு கொடுத்தாள். மனு திரும்பி வந்தது. நகர மன்றச் செயலாளருக்கு ஒரு பழக்கம்: எந்த மனு வந்தாலும் 'நிதி இல்லை. பின்னர் பரிசீலிக்கப்படும்' என்று சிவப்பு மையில் எழுதுவார். எழுதி எழுதிக் கை வலித்ததால் அதையே ஒரு ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து வைத்துக்கொண்டார். அந்த ஸ்டாம்பு செய்ய மட்டும் நிதி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நகர மன்றங்கள் இனி வாகன வரியைச் சக்கரக் கணக்கில் உயர்த்திக்கொள்ளலாம், உயர்த்திய பங்கைத் தங்கள் ஊர்ச் சாலைக்கே செலவழிக்கலாம். வேண்டுமா வேண்டாமா என்பதை உறுப்பினர்களே கைதூக்கி முடிவு செய்ய வேண்டும். ஊர் அதற்கு உடனே 'சக்கர வரி' என்று பெயர் வைத்தது. மன்றத்தில் பதினோரு பேர். ஐந்து பேர் வேண்டும் என்றார்கள், ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். சரிசமமானால் தீர்மானம் விழுந்துவிடும். பதினோராவது ஆள் பத்துச் சக்கர லாரிக்காரர் வீட்டு மெம்பர்.

செய்தி வந்த அன்று மாலை வீட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"பத்துச் சக்கரம் எனக்கு. யாரு தலையில விடியும்னு நெனச்சுப் பாத்தியா மெம்பர்?" என்றார் கணவர். இது எரிந்து விழுகிற மெம்பர்.

"பள்ளம் மூடணும்னு நீங்களும்தானே சொன்னீங்க?"

"மூடச் சொன்னேன். என் பாக்கெட்டை அறுத்து மூடச் சொன்னேனா?"

"அண்ணி, பள்ளம் நமக்கு ஒண்ணும் புதுசில்லையே" என்றான் கொழுந்தன். "பழகிப்போச்சு. என் வேனுக்கே எங்க ஒதுங்கணும்னு தெரியும்."

நாத்தனார் புருஷன் தொண்டையைக் கனைத்தார். "என் விஷயத்தையும் யோசிக்கணும்மா. ரோடு நல்லாயிட்டா வண்டி எப்படிக் கவுறும்? வண்டி கவுறலைன்னா நான் எதைத் தூக்கறது?"

மனுஷன் மனதில் பட்டதை அப்படியே சொன்னார், அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். மாமியார் மட்டும் தன் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா மெம்பரு, இதுக்கும் ரெண்டு சக்கரம் இருக்கே. இதுக்கும் வரியா?"

"இல்லைங்க அத்தை. மோட்டார் இருந்தாத்தான் வரி."

"அப்ப எனக்குச் சம்மதம்" என்று எழுந்து போய்விட்டார்.

கணவர் சிரிக்கவில்லை. "நீ கையைத் தூக்கினா, அது எனக்கு எதிராத் தூக்கின கை. அவ்வளவுதான் சொல்வேன்" என்றார். மெம்பருக்கு அவரும் வேண்டும், அவர் முழுசாக வீடு வந்து சேரவும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முன்பெல்லாம் உறுப்பினர்கள் டீயும் பிஸ்கட்டும் வரும் நேரம் பார்த்து வந்து, கையெழுத்துப் போட்டு, பிஸ்கட்டை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதனால் மூன்றாவது மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடுவது என்று ஆக்கியிருந்தார்கள். வெளியே நிற்பவருக்கு ஓட்டும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. உள்ளே குறைந்தது ஏழு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும்.

இந்த வழக்கம் அந்த வீட்டு ஆண்களுக்கும் தெரியும் என்பதுதான் பிரச்சினை.

கூட்டத்தன்று காலையில் அந்த வீட்டு வண்டிகள் அத்தனைக்கும் ஒரே நேரத்தில் நோய் கண்டது.

"செல்ஃப் எடுக்கல அண்ணி" என்றான் கொழுந்தன். பைக்கைக் காட்டினாள். "பஞ்சர்." ரெக்கவரி வண்டிக்குக் கியர் விழவில்லையாம். கணவரைத் தேடினால், லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. இஞ்சின் உறுமுவதைக் கேட்டே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் மனுஷன், ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மண்ணில் படுத்திருந்தார்.

"நேத்து நல்லாத்தானே வந்துச்சு?" என்று குனிந்து கேட்டாள்.

"வண்டியும் மனுஷங்க மாதிரிதான். எப்ப மாறும்னு யாரு கண்டா?" என்றது லாரிக்கடியிலிருந்து குரல்.

மாமியார் வாசலுக்குத் தன் பையை இழுத்துக்கொண்டு வந்தார். "இதுல வேணா உக்காந்துக்கோ, நான் இழுத்துட்டுப் போறேன். இது ஒண்ணுதான் இன்னைக்கு ஓடுது."

உண்மையைச் சொன்னால், அதுவரைக்கும் மெம்பருக்கே தன் முடிவு தெரியாது. கணவர் வழக்கம்போல் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் மன்ற வாசலில் இறக்கிவிட்டு, அந்த மீசைக்குள் ஒரு சிரிப்பும் சிரித்திருந்தால், கையை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பியிருப்பாள். படுத்திருந்த அந்தக் கால்களைப் பார்த்ததும் ரோஷம் வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். பாலத்தைத் தாண்டும்போது, பின்னால் கொழுந்தனின் வேன் ஒரே திருகில் குயில் மாதிரி எழுந்தது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

மன்றக் கட்டடம் ஊரின் மறுகோடியில். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் படியேறும்போது மூன்றாவது மணி அடித்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்த வந்த காவலாளி அவள் கோலத்தைப் பார்த்துவிட்டு, கடைசி அடியைக் கொஞ்சம் இழுத்து அடித்தார். புண்ணியவான்.

உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். ஆதரவாளர்கள் ஐந்து பேர். எதிர்ப்பவர்களில் ஒருவர் மட்டும், மன்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் நேரத்தோடு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். மற்ற நான்கு எதிர்ப்பாளர்களைக் காணவில்லை. தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர், சாதுவான மனுஷன்.

"வாங்கம்மா, நீங்க ஏழாவது ஆள். கூட்டம் செல்லும்" என்றவர், அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். நீங்க கையெல்லாம் தூக்க வேணாம். அசையாம உக்காந்தாப் போதும். அஞ்சுக்கு ஒண்ணு, தீர்மானம் தானா ஜெயிச்சிடும். வீட்ல போய், நான் தூக்கவே இல்லைன்னு சத்தியமே பண்ணலாம்."

ஸ்டுடியோவில் எத்தனையோ பேரை அசையாமல் உட்கார வைத்தவர் சொன்னபோது அது எவ்வளவு சுலபமாகத் தெரிந்தது! மெம்பர் நாற்காலியில் சாய்ந்தாள். பள்ளமும் மூடும், வீட்டிலும் சண்டை இல்லை. இதைவிட என்ன வேண்டும்?

அப்போது செயலாளரின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர் உடனே தள்ளிப் பிடித்தார். மாவு மில் முதலாளியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. நாலு டெலிவரி வண்டி வைத்திருக்கும் அவர்தான் எதிர்ப்பாளர்களில் கனமானவர், எல்லா வகையிலும். "கூட்டத்தை நிறுத்துங்கய்யா! நாங்க நாலு பேரும் பாலத்துல மாட்டிக்கிட்டோம்! மெம்பரோட கொழுந்தன் எங்களை ஏத்திட்டு வந்த வேன் பள்ளத்துல எறங்கிடுச்சு!"

"எந்தப் பாலம் சார்?"

"எந்தப் பாலமா? மெம்பர் தெருப் பாலம்யா! பலகை ஒடைஞ்சு போச்சு!"

மெம்பர் எழுந்து நின்றுவிட்டாள். "பிள்ளைங்க இருந்தாங்களா? கேளுங்க சார், வேன்ல பிள்ளைங்க இருந்தாங்களான்னு கேளுங்க!"

செயலாளர் கேட்டார். "இல்லையாம்மா. பிள்ளைங்களை விட்டுட்டு வந்துதான், கூட்டத்துக்குக் கூட்டிட்டு வர இவங்களை உங்க தெருவுல ஏத்தியிருக்காரு. யாருக்கும் அடியில்லை. உறுப்பினர்கள் மட்டும்தானாம்."

அவள் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் முன்னால் இதே வேனில் இருபது பிள்ளைகள் இருந்தார்கள். கொழுந்தன் சொன்னது காதில் வந்தது: பழகிப்போச்சு அண்ணி. அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது, கொழுந்தன் மேல் அல்ல, அசையாமல் உட்கார நினைத்த தன் மேல்.

"நேரமாயிடுச்சு. விதி விதிதான்" என்றார் தலைவர், சாதுவுக்கும் ஒரு நாள் வரும் என்பது போல. "தீர்மானத்தை ஆதரிக்கறவங்க?"

ஐந்து கைகள் எழுந்தன. ஆறாவதாக மெம்பரின் கையும் எழுந்தது. தலைவர் கண்ணைக் காட்டினார், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். சத்தத்தில் விழித்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும் தூக்குவதைப் பார்த்துத் தானும் தூக்கிவிட்டுப் பிஸ்கட் வந்துவிட்டதா என்று கேட்டார்.

பாலத்துக்கு அவள் திரும்பி வந்தபோது அங்கே ஊரே கூடியிருந்தது. வேனின் முன்சக்கரம் பள்ளத்துக்குள் புதைந்து, கதவுப் பக்கம் சுவரோடு அழுந்திக் கிடந்தது. கதவு திறக்காது. பிள்ளைகள் தலையை நீட்டக் கூடாதென்று ஜன்னலுக்கெல்லாம் கம்பி. பின்கதவுப் பூட்டு துருப்பிடித்து எவ்வளவோ நாளாயிற்று. நான்கு உறுப்பினர்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளுக்காகச் செய்த வேன் அது. மில் முதலாளி ஒருவரே ஒரு வகுப்பு எடை இருப்பார் என்பதைக் கொழுந்தன் யோசிக்கவில்லை. வேனைத் தூக்க வந்த ரெக்கவரி வண்டியின் பின்சக்கரம் அடுத்த பலகையை உடைத்துக்கொண்டு இறங்கியிருந்தது. அதை இழுக்க வந்த லாரி, கயிறு அறுந்து, தெருவை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. காலையில் ஓடாத மூன்று வண்டிகளும் ஒரே இடத்தில் ஓடாமல் நின்றன.

முழங்கால் வரை சேறோடு கணவர் அவளைப் பார்த்துக் கத்தினார். "மூணு வண்டி! ஒரே பள்ளத்துல! உங்க நகர மன்றம் என்னதான் கிழிக்குது?"

"இப்பத்தான் முடிவு பண்ணிட்டு வர்றோம்" என்றாள் மெம்பர்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கணவர் அவளையே பார்த்தார். "கையைத் தூக்கினியா?"

தூக்காமலே ஜெயித்தது என்று சொல்ல அவளுக்கு வழி இருந்ததல்லவா, அந்த வழியை மன்றத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். "தூக்கினேன்."

"சரி. வரியைக் கட்டறேன், கட்டாம வண்டி ஓட்ட முடியாது. ஆனா அந்தக் காசுல கட்டற பாலத்துல என் டயர் படாது. எழுதி வெச்சுக்கோ."

பாலம் வந்தது. மழைக்கு முன்பே கான்கிரீட் போட்டு, கன்னம் மாதிரி வழவழவென்று தேய்த்துவிட்டார்கள். திறப்பு விழாவில் கல்லில் தன் பெயர் இல்லை என்று மில் முதலாளி சண்டை பிடித்தார். இந்தப் பாலத்துக்காகத் தன்னை மாதிரி உள்ளே கிடந்தவர் யார் என்று கேட்டபோது யாராலும் பதில் சொல்ல முடியவில்லை, பெயரைச் சேர்த்துவிட்டார்கள். மாமியார் தன் பையோடு முதல் ஆளாகத் தாண்டி, திரும்பியும் தாண்டினார். கொழுந்தன் இரண்டாம் நாளே மானத்தைவிட்டுப் பாலத்தில் ஏறிவிட்டான். நாத்தனார் புருஷன், சந்தைப் பக்கம் வேகத்தடைகளில் நிறைய வண்டி படுக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே போய் நின்றுகொண்டார்.

கணவர் மட்டும் அசையவில்லை. தினமும் சந்தையைச் சுற்றிக் குலுங்கிக் குலுங்கி வந்தார். அவர் வருவது அவளுக்குத் தெரியவில்லை. டீ தயாராக இல்லை. டீ இல்லாததை அவர் அவள் கோபம் என்று எடுத்துக்கொண்டார், சுற்றி வருவதை அவள் அவர் கோபம் என்று எடுத்துக்கொண்டாள். இருவரும் மாமியார் வழியாகப் பேசிக்கொண்டார்கள். "உன் புருஷனுக்கு உப்பு வேணுமாம்" என்று எதிரே உட்கார்ந்திருப்பவருக்காகக் கேட்டுக் கேட்டு மாமியாருக்கு அலுத்துவிட்டது.

பிறகு ஒரு நாள் அவருக்குக் கண்ணாடி லோடு கிடைத்தது. பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டடத்துக்கு ஜன்னல் கண்ணாடிகள், லாரி நிறைய. எதுவும் உடைந்தால் அவர் பொறுப்பு. இறக்க ஆள் மறுநாள்தான் வருவார்கள், வீட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். சந்தை வழி திரும்பும் இடத்தில் லாரியை நிறுத்திவிட்டு அவர் வெகுநேரம் யோசித்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மெம்பர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால், கைகால் கழுவிய ஈரத்தோடு அவர் வாசல் நிலையில் நின்றிருந்தார். தூக்கிவாரிப் போட்டது.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான். பாலம் வழியா."

"சத்தமே கேக்கலையே."

"சத்தம் வரலை" என்றார். பல நாளைக்குப் பிறகு அவளிடம் நேராகச் சொன்ன சொற்கள். "ஒரு கண்ணாடி அசையலை. எறங்கிப் போயே பாத்தேன். முன்னாடி டயர் எப்ப ஏறிச்சு, பின்னாடி டயர் எப்ப எறங்கிச்சுன்னு எனக்கே தெரியலை."

மெம்பர் துணியை வைத்துவிட்டு எழுந்தாள். "நீங்க தடங்னு விழறதுக்கும் தொம்னு எறங்கறதுக்கும் நடுவுல நான் மூச்சு விட்டதில்லைங்க. அந்தச் செங்கல் லாரி கவுந்த நாள்லேர்ந்து. ஒரு நாள்கூட விட்டதில்லை. அதுக்குத்தான் நின்னேன். அதுக்குத்தான் கையைத் தூக்கினேன்."

கணவர் மீசையைத் தடவினார். கூட்டாளிகளிடம் எத்தனை தடவை அளந்திருப்பார், நான் வர்றது இவளுக்கு எப்படியோ தெரிஞ்சிடும் என்று! எப்படி என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மொதல்லயே சொல்லக் கூடாதா மெம்பர்?" என்றார். எந்த மெம்பர் என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கஷ்டமாக இல்லை.

"உக்காருங்க, டீ போடறேன்."

மறுநாளிலிருந்து லாரி பாலத்தில் ஏறும்போது ஹாரன் ஒரு முறை அடித்தது, இறங்கியதும் இன்னொரு முறை அடித்தது. முதல் ஹாரனுக்குப் பாத்திரம், இரண்டாவதற்கு அடுப்பு. பத்துச் சக்கர லாரியின் ஹாரன் என்றால் சும்மாவா? பாலத்தடி வீட்டுக் குழந்தை தூக்கத்தில் துள்ளியது, எதிர்வீட்டு டெய்லர் ஊசியைக் கையில் ஏற்றிக்கொண்டார். ஒரு வாரத்தில் தெருவே கையெழுத்துப் போட்டு மெம்பரிடம் மனு கொடுத்துவிட்டது: மேற்படி லாரியின் ஹாரன் சத்தத்தை உடனே நிறுத்த ஆவன செய்ய வேண்டும்.

மெம்பர் மனுவைப் பொறுமையாகப் படித்தாள். அதை எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். செயலாளரின் மேஜையில், இப்போதெல்லாம் வேலையில்லாமல் கிடந்த அந்த ரப்பர் ஸ்டாம்பைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள். சிவப்பு மையில் நன்றாகத் தோய்த்து, ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

'நிதி இல்லை. பின்னர் பரிசீலிக்கப்படும்.'